மாலக்கி டியர்னனின் வளையங்கள்

எங்கள் பக்கத்தில் படர்தாமரை வராத ஆள் கிடையாது. குளிர்காலம் முழுக்கக் கன்றுகளைக் கொட்டகையில் அடைத்து வைத்திருப்போம். பிப்ரவரி வாக்கில் அவற்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் பூத்த வட்டங்கள் கிளம்பும். மார்ச்சில் அதே வட்டங்கள் எங்கள் முழங்கையில் இருக்கும், கழுத்தில் இருக்கும், சொல்ல வெட்கப்படுகிற இடங்களிலும் இருக்கும். அதற்காக டாக்டரிடம் போனவர்கள் அயர்லாந்தின் இந்த லீட்ரிம் மாவட்டத்தில் என் காலத்தில் கிடையாது. ட்ரம்கீலில் மாலக்கி டியர்னன் இருக்கும்போது டாக்டர் எதற்கு?

மாலக்கி ஏழாவது மகன். நடுவில் ஒரு பெண்கூடப் பிறக்காமல் வரிசையாக ஏழு ஆண்கள். அவர் பிறந்த அன்றைக்கே மருத்துவச்சி தோட்டத்திலிருந்து ஒரு மண்புழுவைத் தோண்டிவந்து குழந்தையின் உள்ளங்கையில் வைத்து மூடினாளாம். திறந்தபோது புழு செத்துக் கிடந்ததாம். ஏழாவது மகனின் கையில் புழு செத்தால் அவனுக்குப் படர்தாமரை வைத்தியம் உண்டு என்று அர்த்தம். பச்சைக்குழந்தை கையை இறுக்கினால் புழு சாகாமல் என்ன பண்ணும் என்று நான் ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"அத அந்தப் புழுகிட்டதான் கேக்கணும்" என்றார்.

அவருடைய வைத்தியத்துக்கு மூன்று தரம் போக வேண்டும்: ஒரு திங்கள், ஒரு வியாழன், மறுபடி ஒரு திங்கள். கட்டைவிரலால் வட்டத்தைச் சுற்றிக் கோடு இழுப்பார். உதட்டுக்குள் ஏதோ ஜெபம் சொல்லி மூன்று முறை ஊதுவார். அவ்வளவுதான். காசு கொடுக்கக்கூடாது. முக்கியமாக, நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. நாற்பது வருஷமாக மூன்று மாவட்டத்து ஆட்கள் அவர் சமையலறையில் கழுத்தை நீட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து போனார்கள். இந்தப் பழக்கம் முற்றி, அந்த வீட்டில் எதற்குமே யாரும் நன்றி சொல்வதில்லை. டீ கொடுத்தால்கூடக் குடித்துவிட்டு, "மழ வரும்போல இருக்கு" என்று எழுந்துகொள்வோம்.

நான் பால் லாரி ஓட்டுகிறவன். பெயர் ஃபெலிம். திங்கள், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ட்ரம்கீல் பண்ணைகளின் தொட்டிகளிலிருந்து பாலை உறிஞ்சி, வெண்ணெய் எடுக்கிற கிரீமரி ஆலையில் சேர்ப்பது வேலை. இதைச் சொல்லக் காரணம், இந்தக் கதையில் அந்த லாரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

எண்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் போனபோது மாலக்கி பால் தொட்டியறையில் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயதிலும் எருது மாதிரி தோள். இரண்டு கைகளிலும் முழங்கையிலிருந்து மேலே சிவப்பு வளையங்கள்.

"என்ன மாலக்கி, வைத்தியருக்கே வைத்தியமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டார்.

"இத வெளிய சொன்னே, உன் லாரி நாலு சக்கரத்துலயும் காத்து இருக்காது."

"கன்னுக்குட்டிகிட்ட ஒட்டியிருக்கும். ஊதிக்க வேண்டியதுதானே?"

"தன் ஒடம்புல தானே ஊதிக்கக்கூடாது. தெரியாதா உனக்கு? குழாய மாட்டு, பால் காத்துக் கெடக்கு."

ஊர் எப்படிச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். படர்தாமரைக்காரனுக்கே படர்தாமரை என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயச் சுவரோரம் நிற்கிற ஆட்களுக்கு ஆறு மாதத்துக்குப் பேச்சு கிடைத்துவிடும். நானே அதில் முதல் ஆளாக நின்றிருப்பேன்.

மார்ச்சில் மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை வந்தது. திங்கட்கிழமை மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து ஊசி போடுவார். வியாழக்கிழமை திரும்பி வந்து, ஊசி போட்ட இடம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று ஓர் இடுக்கியால் அளப்பார். ஒரு மாடு தேறாவிட்டால் மந்தை முழுவதையும் பூட்டிவிடுவார்கள். விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அந்த மூன்று நாளும் வீடுகளில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

அந்த வருஷம் வந்தது க்ளோடா என்ற புதுப் பெண். தெற்கே கெர்ரி மாவட்டத்துக்காரி, முப்பதுகூட இருக்காது. நான் பால் ஏற்றிக்கொண்டிருந்தேன். மாலக்கி மாட்டின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீலியா காதுப்பட்டை எண்களைச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தாள். டீலியா பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே. மாலக்கியை விடப் பதினாலு வயது சின்னவள். குழந்தை கிடையாது. அந்தப் பண்ணையில் கணக்கு, கார், சந்தை பேரம் எல்லாம் அவள்தான். மாலக்கிக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ஒரு கிடாரி உதறியதில் மாலக்கியின் சட்டைக்கை முழங்கைவரை கிழிந்துவிட்டது.

"மிஸ்டர் டியர்னன், அந்தக் கையக் காட்டுங்க" என்றாள் க்ளோடா.

"மாட்டப் பாக்க வந்தியா, என்னப் பாக்க வந்தியா?"

"ரெண்டும் ஒரே தொழுவத்துலதானே இருக்கு. காட்டுங்க."

காட்டினார். பிப்ரவரியில் நான் பார்த்தது தனித்தனி வட்டம். இப்போது ஒரு வளையத்துக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, அறுத்த பலகையில் வரிகள் ஓடுமே, அதேபோல ஓடிக்கொண்டிருந்தன.

"படர்தாமர" என்றார் மாலக்கி.

"படர்தாமர ஒண்ணுக்குள்ள ஒண்ணா வராதே."

"பொண்ணே, நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நான் படர்தாமர பாத்துட்டிருக்கேன்."

"சரி. ஒரு பந்தயம்" என்று, மாட்டுக்கு அடையாளம் போடுகிற நீலக்கட்டியை எடுத்து, அவர் முன்கையில் கடைசி வளையத்தின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தாள். "வியாழக்கெழம மாட்டையும் பாக்கறேன், உங்களையும் பாக்கறேன். அதுவரைக்கும் அங்க சோப்பு போடாதீங்க."

டீலியா சிரித்தாள். "அவரு சோப்பு போட்டாத்தான் அதிசயம்."

வியாழக்கிழமையும் நான் இருந்தேன். இருபத்து மூன்று மாடும் தேறின. டீலியா சிலுவை போட்டுக்கொண்டாள். மாலக்கி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. க்ளோடா இடுக்கியைத் துடைத்துக்கொண்டே, "இருபத்தி நாலாவது ஆளு எங்க?" என்றாள்.

மாலக்கி விளையாட்டாகவே கையை நீட்டினார். நீலக்கோடு மங்கலாக இருந்தது. வளையம் அதைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. கோடு இருந்த இடத்தில் தோல் வெறுமனே செதில் உதிர்த்துக்கொண்டிருந்தது. க்ளோடா இடுக்கியை வைத்து அளந்தாள். அளந்துவிட்டு மறுபடி அளந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"படர்தாமர மூணு நாள்ல ஒரு மயிரிழ நகரும். இது நடந்தே போயிருக்கு."

"அப்படின்னா?" என்றாள் டீலியா.

"எங்கயோ ஒரு தடவ படிச்சிருக்கேன். தோல்ல இப்படி நகந்துட்டே போனா, அது தோலோட நோயி இல்ல. உள்ள இருக்கற எதோ ஒண்ணு வெளிய காட்டுது. நான் மாட்டு டாக்டர், இதுக்கு மேல சொல்ல எனக்கு உரிமையில்ல. மனுஷ டாக்டர்கிட்ட போங்க. இந்த வாரமே." பிறகு, பேச்சை இலகுவாக்க நினைத்தாளோ என்னவோ, "மாடெல்லாம் சுத்தம். இந்தத் தொழுவத்துல தேறலன்னு நான் சிவப்புச் சீட்டு ஒட்டணும்னா உங்களுக்குத்தான் ஒட்டணும்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நான் வாசற்கதவைத் திறந்துவிடப் போனபோது க்ளோடா என்னிடம் தனியாகச் சொன்னாள். "நீங்க அவருக்கு வேண்டியவருதானே? இழுத்துட்டாவது போயிடுங்க. விட்டுடாதீங்க."

"ஆகட்டும்" என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கும் அங்கேதான் சாப்பாடு. அவித்த பன்றியிறைச்சி, முட்டைக்கோஸ், தோல் வெடித்த உருளைக்கிழங்கு. மந்தை தேறின நாளில் டீலியா வெண்ணெயைக் கணக்குப் பார்க்க மாட்டாள். ஆனால் தட்டை வைத்த கையோடு ஆரம்பித்தாள்.

"திங்கட்கெழம டாக்டர்கிட்ட போறோம்."

"ரெண்டு பசு ஈனப்போவுது."

"பசு எனக்குத் தெரியாம ஈனாது. நான் பாத்துக்கறேன். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போறேன், ஃபெலிம் பாத்துக்கட்டும்."

"நான் எதுக்கு..." என்றேன்.

"நீ சாப்பிடு."

மாலக்கி உருளைக்கிழங்கின் தோலை மெதுவாக உரித்தார். "அந்த டாக்டர் வீட்டு முன்னறையில யாரு யாரு உக்காந்திருப்பாங்கன்னு தெரியுமா டீலியா? நான் ஊதிவிட்ட கழுத்துங்க வரிசையா உக்காந்திருக்கும். நான் கையத் தூக்கிட்டு உள்ள போகணும். என்ன மாலக்கி, ஒடம்புக்கு என்னன்னு கேப்பானுங்க. என்ன சொல்றது?"

"வயித்து வலின்னு சொல்லுங்க."

"டாக்டர் பொண்டாட்டி வாய் சும்மா இருக்குமா? ராத்திரிக்குள்ள மொஹில் டவுன்வரைக்கும் போயிடும்."

"போகட்டுமே! வெக்கத்துல யாரும் செத்ததில்ல."

"நோயிலயும் நான் இன்னும் சாகல."

டீலியா கரண்டியை மேசையில் வைத்தாள். "மாட்டுக்கு வருஷா வருஷம் ஊசி போட்டு, அளந்து, சீட்டு எழுதி வாங்கறோம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உங்கள அளக்க விடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"சரி, போறேன்" என்றார். "கன்னு எறங்கட்டும், போறேன்."

கன்றுகள் இறங்கின. ஈஸ்டர் வந்து போனது. அவர் போகவில்லை. டீலியா விடவில்லை. நான் பால் ஏற்ற நிற்கிற கால்மணி நேரத்திலும் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை மாலக்கி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சந்துமுனையில் நின்றிருந்தார். லாரியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது கிரீமரிச் சட்டம். கையைக் காட்டினார், நிறுத்தினேன்.

"கிரீமரிக் கடையில ரப்பர் குழா வாங்கணும்" என்றார். ஒரு மைல் போனதும், "வழியில ஆல்பர்ட் நெஸ்பிட் வீட்டுல அஞ்சு நிமிஷம் நிறுத்து" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆல்பர்ட் நெஸ்பிட் கேவன் மாவட்டத்துக்காரர், புராட்டஸ்டன்ட். அவர் குடும்பத்திலும் படர்தாமரை வைத்தியம் உண்டு. மாலக்கியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் மூக்கைச் சுளிப்பார்.

"டாக்டர் வீடும் இதே ரோட்டுலதான் மாலக்கி."

"தெரியும்."

"டீலியாவுக்கு..."

"டீலியாவுக்குத் தெரியக்கூடாது. யாருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. டாக்டர் வீட்டின் பச்சைக் கதவைத் தாண்டித்தான் போனோம். அங்கே நிறுத்தி, இறங்கும்யா என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று சும்மா இருந்தேன் என்று சொன்னால் அது பொய். படர்தாமரைக்காரர் படர்தாமரை வைத்தியத்துக்குத் திருட்டுத்தனமாகப் போகிறார், அது உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பதில் எனக்குக் குஷி. உண்மை அதுதான்.

ஆல்பர்ட் எழுபது வயது, ஒட்டடைக்குச்சி உயரம். எங்களை முன்கூடத்தில் உட்கார வைத்தார்.

"பேரு?"

"பேட்ரிக்" என்றார் மாலக்கி.

ஆல்பர்ட் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, பேட்ரிக். சட்டையக் கழட்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வளையங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் இந்த மாதிரி பாத்ததில்ல. ஆனா வந்தவங்கள நான் திருப்பி அனுப்பறதில்ல." வைக்கோல் சாம்பலை உப்பில்லாத வெண்ணெயில் குழைத்து, வளையங்களின் மேல் தடவினார். "மூணாந்தரம் முடியற வரைக்கும் தண்ணி படக்கூடாது, வேற களிம்பு கூடாது, டாக்டர்கிட்டயும் போகக்கூடாது. ஒண்ணு இன்னொண்ணக் கெடுத்துடும்."

"தெரியும்" என்றார் மாலக்கி.

நன்றி சொல்லாமல் எழுந்து வந்தோம்.

வியாழக்கிழமை போனோம். அடுத்த திங்கட்கிழமை மூன்றாந்தரம் போனபோது இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன. ஒரு வளையம் இல்லை. ஆல்பர்ட்டே ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் மாலக்கி கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஃபெலிம், ஒண்ணு சொல்லட்டுமா? நாப்பது வருஷமா நான் ஊதறேனே, நானே அத முழுசா நம்புனதில்ல. சனங்க நம்புறாங்க, நாமளும் ஊதுவோம்னு இருந்தேன். இன்னிக்குத்தான்டா நம்புறேன்."

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"தானாவே போயிடுச்சு பாத்தியா" என்று டீலியாவிடம் காட்டியிருக்கிறார். அவள் அன்றிலிருந்து டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. வியாழக்கிழமை எனக்கு ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த கேக் வைத்தாள். "மாட்டு டாக்டரு பேச்சக் கேட்டு நான் ஒரு மாசம் தூங்கலடா" என்று சிரித்தாள். நான் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன்.

ஜூனில் குளிர்காலத் தீவனமாக மூடி வைக்கிற சைலேஜுக்குப் புல் வெட்டுகிறபோது அவருக்கு இருமல் ஆரம்பித்தது. புல் தூசி என்றார். ஜூலையில் மழை விடாமல் பெய்தது, தூசியே இல்லை, இருமல் இருந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். ஒருநாள் லாரியின் பக்கத்தில் நின்றபடி மெதுவாகச் சொன்னார்.

"அது முதுகுக்குப் போயிடுச்சு, ஃபெலிம். நெஞ்சு, வயிறு, தொட, எல்லா எடமும்."

"டீலியா பாக்கலயா?"

"நான் கீழறையில படுக்கறேன். என் இருமல்ல அவ தூக்கம் கெடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். அவளுக்கு அது பெரிய அனுசரணையாத் தெரியுது." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. "கை சுத்தமா இருக்குல்ல, அது போதும். மிச்சமும் போயிடும்."

டீலியா பத்தடி தள்ளி வாளி கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று குழாயைச் சுருட்டினேன். சத்தியம் என்பது சோம்பேறிக்கும் கோழைக்கும் எவ்வளவு சௌகரியம்!

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை நான் போனபோது தொட்டி காலியாக இருந்தது. டீலியா கம்பளிச்சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தாள், தலை வாரவில்லை.

"பால் இல்ல, ஃபெலிம். சாக்கடையில தொறந்து விட்டுட்டேன். காலையில கறந்துட்டிருக்கும்போது இருமி இருமி விழுந்துட்டாரு. ரத்தம், அங்க எல்லாம் ரத்தம். வாளியிலயும் பட்டுச்சு. எது நல்ல பால், எது கெட்டதுன்னு எனக்குத் தெரியல."

டப்ளினில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் முறைவைத்து மாடு கறந்தோம். ஞாயிறு என் முறை. டப்ளினிலிருந்து திரும்பிய டீலியா, மாட்டுக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து மடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்திருக்கும்.

"நுரையீரல்ல புத்துநோய்க் கட்டி. ரெண்டு பக்கமும் பரவிடுச்சு. வெறும் சட்டையோட படுத்திருக்காரு, ஃபெலிம். படிக்கற புள்ளைங்க பத்து பத்து பேரா வராங்க. திருப்பிப் போடறாங்க, படம் எடுக்கறாங்க. பெரிய டாக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவரு வாழ்நாள்ல இந்த வளையத்த ரெண்டே பேருகிட்டதான் பாத்திருக்காராம். புத்தகத்துல போடப் போறாராம். எல்லாம் முடிஞ்சு, 'நன்றி மிஸ்டர் டியர்னன்' அப்படீன்னாரு. இவரு பதறிப்போய், 'ஐயையோ, அதச் சொல்லாதீங்க, பலிக்காது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்!"

மாடு காலை மாற்றி வைத்தது. அவள் மறுபடி துடைத்தாள்.

"மார்ச்சு, ஏப்ரல்ல வந்திருந்தா ஒரு பக்கத்த வெட்டி எடுத்திருக்கலாமாம். அப்ப சின்னதா இருந்திருக்கும்கறாரு. நான் சொன்னேன் ஃபெலிம். நீயும் கேட்டுட்டுதானே இருந்தே? நாய் மாதிரி கொலச்சேன். ஏப்ரல்ல கை சுத்தமாயிடுச்சு, அதான் விட்டுட்டேன். இன்னும் ஒரு மாசம் கொலச்சிருந்தா போயிருப்பாரு, எனக்குத் தெரியும், எனக்குப் பயந்துட்டாவது போயிருப்பாரு. அது எப்படித் தானாப் போச்சு?"

"தெரியல டீலியா" என்றேன்.

"பெரிய டாக்டர் சொல்றாரு, அது அப்படித்தான், ஓரிடத்துல மறையும், ஓரிடத்துல வரும்னு. என்ன ஏமாத்தறதுக்குன்னே மறைஞ்சுதோ என்னவோ."

நவம்பரில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. தொழுவம் தெரிகிற ஜன்னல். டீலியா மாட்டுக்குத் தீனி வைக்கப் போயிருந்தபோது நான் உள்ளே போனேன். எருது மாதிரி இருந்த தோள் இப்போது போர்வைக்கு அடியில் இருப்பதே தெரியவில்லை.

"வளையம் போயிடுச்சு, பாத்தியா" என்றார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். எலும்பும் வெள்ளைத் தோலும். ஒரு புள்ளி இல்லை. "கட்டி ஜெயிச்சிடுச்சு, இனிமே வெளிய காட்ட வேண்டியதில்லன்னு நெனச்சிருக்கும்."

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

"டப்ளின்ல ஒரு பொண்ணு, படிக்கறவ, நல்ல புள்ள. அவகிட்ட என் வைத்தியத்தப் பத்திச் சொன்னேன். அவ சொல்றா, படர்தாமரைக்கு யாரும் ஒண்ணும் பண்ணலன்னாலும் மூணு நாலு மாசத்துல தானாவே போயிடுமாம். கன்னுக்கும் போயிடும், மனுஷனுக்கும் போயிடும்." மூச்சு வாங்கினார். "அண்ணனுங்க ஆறு பேரும் லண்டன், பாஸ்டன்னு போயிட்டானுங்க. எனக்கும் டிக்கெட் வாங்கி அனுப்புனான் மூத்தவன். அம்மா விடல. உன் கை இந்த ஊருக்குச் சொந்தம், நீ போகக்கூடாதுன்னா. தானாப் போற ஒண்ணுக்காகடா, ஃபெலிம். தானாப் போற ஒண்ணுக்காக."

"எத்தன பேரு நிம்மதியாப் போனாங்க, அது இல்லையா?"

"ஒருத்தன் வாயத் தொறந்து சொன்னதில்லயே." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆல்பர்ட் விஷயம் டீலியாவுக்குத் தெரிய வேணாம். நான் போனதுக்கு அப்புறமும். அவ தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், டீலியா கறவைக்குப் போயிருந்தபோது இறந்துபோனார்.

புதன்கிழமை மத்தியானம் முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். சவத்துக்குப் போடுகிற பழுப்பு அங்கி, கையில் செபமாலை. சமையலறையில் டீ, ஹாம், வெட்டி அடுக்கிய ரொட்டி. மழையில் நனைந்த கோட்டுகளின் வாடை. மூன்று மாவட்டத்துச் சனம் வந்தது. வந்தவர்கள் சவப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார்கள். ஒவ்வொருவர் பார்வையும் முகத்தை விட்டுவிட்டு அங்கியின் கைப்பக்கம் போய்த் திரும்பியது. டப்ளினில் படம் எடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"ஒண்ணுமே இல்ல பாரு, கொழந்த தோலு மாதிரி இருக்கு."

"கடைசியில தனக்கே பலிச்சிடுச்சுன்னு சொல்லு."

"வைத்தியத்த யாருக்கு விட்டுட்டுப் போனாரு? வாரிசும் இல்லயே."

கழுத்தில் படர்தாமரையோடு ஒரு பெரிய ஆள் வந்திருந்தான். பக்கத்து ஊர் விவசாயி, நாற்பது வயதிருக்கும். மண்டியிட்டவன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, செத்தவரின் கையைத் தூக்கித் தன் கழுத்தில் வைத்துச் சுற்றினான். டீலியா கதவருகில் நின்று பார்த்தாள்.

"நல்லாத் தேச்சுக்கோ" என்றாள். "இன்னும் ஏதாவது மிச்சமிருந்தா அதையும் எடுத்துக்கோ. திங்கட்கெழம வரைக்கும் வச்சிருக்க முடியாது, நாளைக்கே பொதைக்கறோம்."

அவன் கையை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

அப்போதுதான் ஆல்பர்ட் நெஸ்பிட் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கதவு நிலையில் குனிந்து. கத்தோலிக்கர் வீட்டுச் சாவுக்கு இருபது மைல் மழையில் வந்திருக்கிறார் என்று எல்லோரும் இடம்விட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் உடம்புக்கு அது போதுமான மேசை இல்லை.

அவர் டீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நல்ல மனுஷன். மூணு தடவ வந்தப்பவும் வேற பேருதான் சொன்னாரு. நான் பத்தியம் சொன்னப்ப 'தெரியும்'னாரு, மொதல் நாளே ஆளு யாருன்னு புரிஞ்சிடுச்சு, ஆனா கண்டுக்கல. தொழில்காரனுக்குத் தொழில்காரன் அந்த மரியாத குடுக்கணுமில்ல."

"எங்க வந்தாரு?" என்றாள் டீலியா.

"எங்க வீட்டுக்கு. ஏப்ரல்ல. திங்கள், வியாழன், திங்கள்." அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "கை ரெண்டும் சுத்தமாப் போயிடுச்சும்மா, நானே ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன். அதான் இப்பவும் எனக்குப் புரியல."

டீலியா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இருபது மைலு. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாதே."

ஆல்பர்ட் சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இதோ, இவருதான். பால் லாரியில கூட்டிட்டு வந்தாரு. வெளிய எஞ்சினக்கூட நிறுத்தாம உள்ள வந்து கூடவே உக்காந்திருப்பாரு, பாவம்."

டீலியா என்னைப் பார்த்தாள். பிறகு ஆல்பர்ட்டை நாற்காலியில் உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை எத்தனை என்று கேட்டாள். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி, பக்கத்தில் இரண்டு துண்டு ஹாம் வைத்துக் கொடுத்தாள். அவள் கத்தியிருந்தால், கோப்பையை என் முகத்தில் எறிந்திருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தேன்.

"மழ விடாதுபோல இருக்கு" என்று எழுந்தேன்.

வாசல்வரைக்கும் கூட வந்தாள். வீடு நிறைய ஆட்கள். மூன்று மாவட்டத்து ஆட்கள், அவர் ஊதிவிட்ட கழுத்துகள். டீலியா என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

"நன்றி, ஃபெலிம். அவர லாரியில கூட்டிட்டுப் போனதுக்கு."

கோப்பைகளின் சத்தம் நின்றது. அந்த வீட்டில் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை.